திரும்பி வருபவர் எதற்காக வருகிறார்?

கேள்வி: வீட்டில் தைத்து உழைக்கும் பெண்களுக்காகத் தையல் இயந்திரம், ஓவர்லொக், மோட்டார், ஊசி, நூல் ஆகியவை பற்றித் தமிழில் ஓர் இணையத்தளம் நடத்துகிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்காக அமேசான் இணைப்புகளும், உள்நாட்டவர்களுக்காக இங்குள்ள ஓர் இணையக் கடையின் இணைப்புகளும் போட்டிருக்கிறேன். அவற்றின் வழியாக எவராவது வாங்கினால் கடை எனக்குத் தரகு தரும். மாதம் ஏறத்தாழ நாலாயிரம் பேர் வருகிறார்கள். அவர்களில் திரும்பி வருபவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்தான். முப்பது, நாற்பது வீதமாவது இருக்க வேண்டும் என்று யூடியூப்பில் ஒருவர் சொல்கிறார். தளத்தைத் திறந்தவுடன் அறிவிப்புக்கு அனுமதி கேட்கும் பெட்டி வரும்படி செய்து பார்த்தேன், வீதமும் கூடவில்லை, தரகும் கூடவில்லை. இந்த வீதத்தை எப்படி உயர்த்துவது? வந்து போனவர்களைத் திரும்ப அழைக்கும் விளம்பரத்துக்குப் பணம் செலவழிக்கலாமா?
– வாசகி, மருதமுனை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பத்து வீதத்தை நாற்பதாக்குவது உங்கள் இலக்காக இருக்கக் கூடாது என்பதே என் முதல் கருத்து. செய்தித்தளத்துக்கு ஒருவர் ஒரு நாளில் மூன்று தடவை வருவார். தையல் இயந்திரம் வாங்குபவரோ பல வருடங்களுக்கு ஒருமுறைதான் வாங்குகிறார். இரண்டுக்கும் ஒரே வீதத்தைப் பொருத்திப் பேசுபவர் எந்த வகைத் தளத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீதம் என்ற கணக்கு ஏமாற்றும் விதத்தையும் உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். நாலாயிரம் பேரில் நானூறு பேர் திரும்பி வந்தவர்கள் என்றால் அது பத்து வீதம். அடுத்த மாதம் கூகுள் தேடலில் உங்கள் பக்கங்கள் கீழே இறங்கி, வருகை இரண்டாயிரமாகக் குறைந்து, அதே நானூறு பேர் மட்டும் திரும்பி வந்தால் வீதம் இருபதாகிவிடும். ஒருவர்கூடக் கூடுதலாகத் திரும்பி வரவில்லை, தளமோ பாதியாகச் சுருங்கிவிட்டது, ஆனால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் எண் இரண்டு மடங்காகியிருக்கும். ஆகவே மாத அறிக்கையில் வீதத்தை அடித்துவிட்டு, திரும்பி வந்தவர்களின் தொகையையும் அவர்கள் கடை இணைப்பில் செய்த கிளிக்குகளின் தொகையையும் எழுதுங்கள்.

அந்தத் தொகையும் முழு உண்மை அல்ல. கல்முனை பஸாரில் நூல் கடை வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியும், தளத்தின் வருகைகளை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸுக்குத் தெரிவது ஒரு கருவியில் உள்ள ஒரு உலாவி மட்டுமே. உலாவியில் அது வைத்துவிட்டுப் போகும் குக்கி என்ற சிறு அடையாளக் குறிப்பை அடுத்த வருகையில் கண்டால் திரும்பி வந்தவர் என்றும், காணாவிட்டால் புதியவர் என்றும் எழுதிக்கொள்கிறது. உங்கள் பதிவை முகநூலில் கண்டு அந்தச் செயலிக்குள்ளேயே திறந்து படிக்கும் ஒரு பெண், இரண்டு நாள் கழித்து குரோமில் தேடி அதே பக்கத்துக்கு வந்தால், முகநூல் செயலியின் உள் உலாவிக்கும் குரோமுக்கும் குக்கிகள் தனித்தனி என்பதால், அவர் இரண்டு புதியவர்களாகவே பதிவாவார். ஐபோனில் சபாரி பாவிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். 2019ஆம் ஆண்டிலிருந்து, ஜாவாஸ்கிரிப்ட் மூலம் வைக்கப்படும் இத்தகைய குக்கியை சபாரி ஏழு நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. லண்டனிலோ டொரொன்டோவிலோ இருந்துகொண்டு பத்து நாளைக்கு ஒருமுறை உங்கள் தளத்துக்கு வரும் வாசகி ஒவ்வொரு முறையும் புதியவராகவே தெரிவார். உங்கள் பத்து வீதத்தின் உண்மை அளவு அதைவிடக் கூட என்று நான் நம்புவதற்கு இவையே காரணம்.

மறுபக்கமும் உண்டு. உங்கள் கைத்தொலைபேசி, உங்கள் வீட்டாரின் கைத்தொலைபேசிகள், தளத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் தம்பியின் மடிக்கணினி எல்லாம் நாள்தோறும் திரும்பி வருபவர்களே. ஆட்கள் நாலைந்து பேராக இருந்தாலும் வருகைகளாகவும் பார்த்த பக்கங்களாகவும் எண்ணும்போது சிறிய தளத்தில் இந்தக் கலப்படம் கணிசமானது. சொந்த வருகைகளை இணைய இணைப்புக்குரிய எண்ணான ஐ.பி. முகவரி கொண்டு விலக்கும் வசதி அனலிட்டிக்ஸில் இருக்கிறது. ஆனால் கைத்தொலைபேசித் தரவு இணைப்பில் அந்த முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் நமக்கு அது அவ்வளவாகக் கைகொடுக்காது. வேர்ட்பிரஸில் நடத்துகிறீர்கள் என்றால், உள்நுழைந்திருக்கும் நிருவாகிகளின் வருகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்ற தெரிவு அதனோடு சேர்த்துக்கொள்ளும் பல நீட்சிகளில் (துணைச் செயலிகளில்) உள்ளது. அதை இயக்கிவிட்டு, வீட்டில் எவரும் தளத்தைப் பார்ப்பதென்றால் உள்நுழைந்த பிறகே பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை இன்றைக்கே செய்துவிடுங்கள். கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல், நுணுக்கமான ஆய்வுகளுக்குப் பயன்படும் தரவு இயல்பாக இரண்டு மாதங்களுக்கே வைத்திருக்கப்படுகிறது. நிருவாகப் பகுதிக்குள் போய் அதைப் பதினான்கு மாதங்களாக மாற்றலாம், அதற்குக் கட்டணம் இல்லை. மாற்றுவதற்கு முன்பு அழிந்துபோன தரவு திரும்பக் கிடைக்காது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் வந்தவர்கள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு திரும்பி வந்தார்களா என்று கேட்க வேண்டிய தளம் உங்களுடையது. இரண்டு மாதத் தரவில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனி, எதை அளவிடுவது என்ற விடயத்துக்கு வருகிறேன். உங்கள் தளத்துக்குத் திரும்பி வருபவர்கள் இரண்டு வகையினர். ஒருவர் இன்னும் வாங்கவில்லை. இயந்திரத்தின் விலையைப் பார்த்து, வீட்டில் கலந்து பேசி, சீட்டுப் பணம் கைக்கு வரும்வரை காத்திருந்து, மறுபடியும் உங்கள் ஒப்பீட்டைப் படிக்க வருகிறார். மற்றவர் ஏற்கெனவே வாங்கிவிட்டார். ஊசி உடைகிறது, தையல் விடுபடுகிறது, துணியின் அடிப்பக்கத்தில் நூல் சுருளுகிறது, அதற்கு வழி தேடி வருகிறார். அனலிட்டிக்ஸ் இருவரையும் ஒரே வரிசையில் போட்டுவிடும். இணைப்புப் போட்டுத் தரகு பெறும் இந்த அஃபிலியேட் தொழிலில் இவர்களைப் பிரிக்காமல் அளவிடுவதில் பயனில்லை, ஏனென்றால் இருவரும் உங்களுக்குப் பணம் தரும் வழிகள் வேறு.

முதல் வகையினரின் விடயத்தில் உங்களுக்கு எதிராக இருப்பது, வாங்குபவர் உங்களிடமிருந்து வந்தவர் என்று கடை நினைவில் வைத்திருக்கும் குக்கியின் காலக்கெடு. அமேசானில் உங்கள் இணைப்பைக் கிளிக் செய்தவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் தரகு உங்களுடையது. அந்த நேரத்துக்குள் பொருளைக் கூடையில் போட்டுவிட்டால் மட்டும் 90 நாட்கள் வரை அவகாசம் உண்டு. மூன்று வாரம் யோசித்து வாங்கும் ஒருவர், முடிவெடுத்த நாளில் உங்கள் தளத்தின் வழியாகப் போகாமல் நேரே கடைக்குப் போனால், அவருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த பக்கங்கள் எத்தனை இருந்தாலும் அந்த விற்பனை உங்கள் கணக்கில் வராது. உள்நாட்டுக் கடையின் காலக்கெடு எவ்வளவு, செயலியில் வாங்கினாலும் கணக்கில் சேருமா என்பவற்றை அவர்களின் நிபந்தனைகளில் தேடிப் படியுங்கள். நம் பக்கத்தில் பலர் உலாவியில் பார்த்துவிட்டுச் செயலியில்தான் வாங்குகிறார்கள் என்பதால், இரண்டாவது கேள்வி முதலாவதைவிடப் பெரியது.

இவர்களை முடிவெடுக்கும் நாளில் உங்களிடம் திரும்ப அழைத்து வருவது, அந்த நாளுக்கு மட்டுமே தேவைப்படும் ஒரு பக்கம். எந்த நிறம் கையிருப்பில் உண்டு, உத்தரவாதம் யார் கொடுப்பது, மோட்டார் தனியாக வாங்க வேண்டுமா, பெட்டியைப் பிரித்ததும் எந்தெந்தப் பாகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்பவற்றை எழுதி, ஒப்பீட்டுக் கட்டுரையின் அடியில், 'வாங்கப் போகும் நாளில் இதைப் பார்த்துவிட்டுப் போங்கள்' என்று குறிப்பிடுங்கள். கட்டுரையின் தலைப்பில் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று திகதி போடுங்கள். ஆனால் ஒரு சொல்லையும் மாற்றாமல் திகதியை மட்டும் மாற்றுகிற வேலை வேண்டாம். இரண்டாவது முறை வருபவர் அதைக் கண்டுபிடிப்பார், முதல் முறை வருபவருக்குத்தான் அது தெரியாது.

இரண்டாவது வகையினரிடமே உங்கள் தளத்தின் வளர்ச்சி இருப்பதாக நான் நினைக்கிறேன். உங்கள் தளத்தைப் போய்ப் பார்த்தேன். கட்டுரைகளில் பெரும்பாலானவை 'எதை வாங்கலாம்' என்ற கேள்வியோடு முடிந்துவிடுகின்றன. வாங்கியவருக்கு அங்கே வேலை இல்லை, ஆகவே அவர் திரும்பி வராததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டுத் தையல் இயந்திரத்துக்குரிய ஊசியும் தொழிற்சாலை வகை இயந்திரத்துக்குரிய ஊசியும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதையும், பருத்திச் சட்டைத் துணிக்கு 14ஆம் இலக்கம், மெல்லிய துணிக்கு 11, டெனிமுக்கு 16 என்று பொதுவாகப் பாவிக்கப்படும் அளவுகளையும், இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி வேண்டும் என்பதையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போடுங்கள். அடிப்பக்கத்தில் நூல் சுருளும்போது பலர் அடி நூல் சுற்றிய பொபினைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் பிழை மேல் நூலில் இருக்கும், அது நூலை இறுக்கிப் பிடிக்கும் இழுவைத் தட்டுகளுக்கிடையே சரியாக உட்காராமல் இருக்கும். இதைப் படத்தோடு எழுதினால் ஒரே பெண் வருடத்தில் பல தடவை அந்தப் பக்கத்துக்கு வருவார், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அனுப்புவார்.

ஒரு பொதி ஊசியில் என்ன தரகு கிடைக்கப் போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், சில ரூபாய்க்கு மேல் கிடைக்காது. ஆனால் அமேசானில் கிளிக் செய்தவர் அந்த 24 மணி நேரத்துக்குள் வாங்கும் ஏனைய தகுதியுள்ள பொருட்களுக்கும் தரகு உண்டு. அதைவிட முக்கியமானது, நேர்த்தையல் இயந்திரத்தோடு தொடங்கி ஊர்ப் பிள்ளைகளின் பாடசாலைச் சீருடையும் பெருநாள் உடுப்பும் தைத்துக் கொடுக்கத் தொடங்கியவருக்கு, துணியின் ஓரம் பிரியாமல் முடிக்க ஓவர்லொக் தேவைப்படும் காலம் வரும் என்பது. அந்த நாளில் அவர் கூகுளில் தேடுவாரா, ஏற்கெனவே ஐந்து தடவை வழி சொன்ன உங்களிடம் வருவாரா என்பதுதான் உங்கள் கேள்வியின் உண்மையான வடிவம்.

அளவிடும் முறையையும் இந்தப் பிரிவுக்கு ஏற்ப அமைக்கலாம். கட்டுரைகளை 'வாங்கும் முன்', 'வாங்கிய பின்' என்று இரண்டாகப் பிரித்து, அமேசானில் இரண்டுக்கும் தனித்தனிக் கண்காணிப்பு இலக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கணக்கின் கீழ் பல இலக்கங்கள் வைத்திருக்க அவர்கள் இடமளிக்கிறார்கள். எந்தப் பிரிவு எவ்வளவு உழைக்கிறது என்பது அப்போது தனியாகத் தெரியும். அனலிட்டிக்ஸின் ஆய்வுப் பகுதியில், புதியவர், திரும்பியவர் என்ற பகுப்பை வரிசையிலும், வெளியே போகும் கிளிக்கைப் பெறுமானத்திலும் வைத்து ஒரு அட்டவணை அமைத்து, கடைகளின் டொமைன் பெயரை, அதாவது தள முகவரியை, கொண்டு வடிகட்டுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. இணைப்பு நீளமாக இருக்கிறதென்று உங்கள் டொமைனுக்குள்ளேயே ஒரு குறுமுகவரி அமைத்து அதன் வழியாகக் கடைக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அனலிட்டிக்ஸ் அதை வெளியே போகும் கிளிக்காகத் தானாகப் பதியாது, அதற்குத் தனி நிகழ்வு அமைக்க வேண்டும். கிளிக்கே இல்லை என்று கவலைப்படும் முன் இதைச் சரிபாருங்கள்.

அட்டவணை கிடைத்ததும் நூறு பேருக்கு எத்தனை கிளிக் என்று கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு, நூறு புதியவர்களிடமிருந்து ஆறு கிளிக்கும் நூறு திரும்பியவர்களிடமிருந்து பதினெட்டுக் கிளிக்கும் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், திரும்பி வரும் ஒருவரை உருவாக்க நீங்கள் செலவிடும் உழைப்பு மூன்று புதியவரைத் தேடும் உழைப்புக்கு ஈடு. இரண்டும் சமமாக இருந்தால், திரும்பி வருபவர்கள் படிக்க வருகிறார்களே தவிர வாங்க வரவில்லை. அந்த நிலையில் கூட்ட வேண்டியது வருகையை அல்ல, 'வாங்கிய பின்' பக்கங்களில் தேவையான பாகத்துக்கான இணைப்பு கண்ணில் படும் இடத்தில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

குக்கியை நம்பாத ஒரு அளவும் கூடவே இருக்கட்டும். உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுள் சேர்ச் கொன்சோலில், உங்கள் தளத்தின் பெயரையே தட்டச்சுச் செய்த தேடல்களில் அது எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை கிளிக் கிடைத்தது என்று பார்க்கலாம், 16 மாதத் தரவு அங்கே கிடைக்கும். பெயரை நினைவில் வைத்துத் தேடுபவர் உங்களை ஏற்கெனவே அறிந்தவர், எந்தக் கைத்தொலைபேசியில் தேடினாலும் இந்தக் கணக்கில் அகப்படுவார். தமிழிலும் ஆங்கில எழுத்திலும், பிழையான எழுத்துக்கூட்டலிலும் தேடப்படும் வடிவங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்புக்கு அனுமதி கேட்கும் பெட்டியை எடுத்துவிடுங்கள். ஒரு வரி படிப்பதற்கு முன்பே அனுமதி கேட்டால் எவரும் மறுக்கத்தான் செய்வார்கள், ஒருமுறை மறுத்தவரிடம் உலாவி இலகுவில் மீண்டும் கேட்க விடாது. ஐபோனில் தளத்தை முகப்புத் திரையில் சேர்த்தவர்களுக்கு மட்டுமே இந்த அறிவிப்பு போய்ச் சேரும், அப்படிச் சேர்ப்பவர்கள் மிக அரிது.

அதற்குப் பதிலாக வட்ஸ்அப். குழுவாக அல்ல, சேனலாக. குழுவில் சேரும் பெண்ணின் இலக்கம் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், நம் ஊர்களில் பலர் அதற்காகவே சேரத் தயங்குவார்கள். சேனலைப் பின்தொடர்பவரின் இலக்கம் ஏனைய பின்தொடர்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒலிபரப்புப் பட்டியல் என்ற வசதியும் உண்டு என்றாலும், ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். சேனலில் வாரத்துக்கு ஒன்று போதும். ஒரு தையல் சிக்கல், அதற்கான வழி, விரிவைப் படிக்கத் தளத்தின் இணைப்பு. வருபவர் எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும் யு.டி.எம். குறியீட்டை அந்த இணைப்பின் முடிவில் சேர்க்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வட்ஸ்அப்பிலிருந்து வருபவர்கள் நேரடியாக வந்தவர்கள் என்ற பெயரில் கலந்துவிடுவார்கள், சேனல் உழைக்கிறதா இல்லையா என்பது உங்களுக்குத் தெரியவே வராது.

வெளிநாட்டு வாசகர்களுக்கு மின்னஞ்சல் பொருத்தம். அஃபிலியேட் இணைப்பை மின்னஞ்சலுக்குள் நேரடியாக வைப்பது பற்றி ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி விதி உண்டு. மடலிலிருந்து உங்கள் பக்கத்துக்கும், பக்கத்திலிருந்து கடைக்கும் அனுப்புவதே பாதுகாப்பானது. எத்தனை பேர் மடலைத் திறந்தார்கள் என்ற எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். 2021 செப்டெம்பரிலிருந்து ஆப்பிளின் மின்னஞ்சல் செயலி, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களைத் தானே இறக்கி வைப்பதால் அந்த எண் ஊதிப்போய்விட்டது. கிளிக்கை மட்டும் எண்ணுங்கள். எவருடைய முகவரியையும் இலக்கத்தையும் அவர் சம்மதத்தோடு மட்டுமே பட்டியலில் சேர்த்து, விலகிக்கொள்ளும் வழியையும் ஒவ்வொரு மடலிலும் வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் இலங்கையிலும் இருக்கிறது.

ஒரு விடயத்தைச் சற்றுக் கண்டிப்பாகச் சொல்கிறேன். உங்கள் தளத்தில் தரகு பெறும் செய்தி எங்குமே சொல்லப்படவில்லை. அமேசான் தன் இணைப்பாளர்கள் அதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது, அறிவிக்காத கணக்கை மூடவும் முடியும். விதியை விட்டுவிட்டாலும், பத்தாவது தடவை வரும் வாசகிக்கு அது எப்படியும் தெரிய வரும். நீங்களே முதல் பந்தியில் சொல்லியிருந்தால் அவர் அதைப் பொருட்படுத்தமாட்டார். அதேபோல, பழைய இயந்திரத்தைத் திருத்தினால் போதும் என்ற இடத்தில் அப்படியே எழுதுங்கள். பெல்ட்டை மாற்றி எண்ணெய் விட்டால் ஓடக்கூடிய இயந்திரத்துக்குப் பதிலாகப் புதியதை வாங்கச் சொல்லிப் பெறும் தரகு ஒரு தடவைதான் வரும், அந்த வாசகி மறுபடி வரமாட்டார்.

கடைசியாக விளம்பரம். வந்து போனவர்களைத் தொடர்ந்து சென்று காட்டப்படும் விளம்பரம், பொருளை விற்று முழு இலாபத்தையும் எடுப்பவருக்குக் கட்டுப்படியாகும். நீங்கள் எடுப்பது விலையில் ஒரு சிறு பங்கு, அதிலும் காலக்கெடுவுக்குள் நடந்த விற்பனைக்கு மட்டும். விளம்பரத்தில் ஒரு கிளிக்குக்கு நீங்கள் கொடுக்கும் தொகையை, மேலே சொன்ன அட்டவணையின்படி திரும்பி வரும் ஒருவர் சராசரியாக உழைத்துத் தரும் தரகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டவணை இன்னும் உங்கள் கையில் இல்லை, ஆகவே அந்த ஒப்பீட்டைச் செய்யவும் முடியாது. அது கிடைக்கும்வரை விளம்பரத்துக்கு ஒரு சதமும் போட வேண்டாம். அந்தப் பணத்தில் அடிக்கடி உடையும் ஊசி வகைகளையும் பொபின் வகைகளையும் வாங்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துப் போடுங்கள்.